பாதம் எந்தப் பக்கம்?

என்னிடம் கண் காட்ட வருகிறவர்கள் முதலில் என் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகத்துக்கு அது தூரத்து உறவு. ‘தன் கண்ணையே சரிபண்ணிக்கொள்ளத் தெரியாதவனா நம் கண்ணில் கத்தி வைக்கப்போகிறான்!’ என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் ஓடி மறையும். அதைக் கண்ணாடியின் தயவால் நான் மிகத் தெளிவாகப் பார்த்துவிடுவேன். என்ன செய்வது, தொழில் அப்படி. பல் வைத்தியருக்குப் பல் விழுந்தால் யாரும் கேட்பதில்லை.

கண் வைத்தியம் படிக்க வேண்டும் என்று நான் கனவு கண்டதாகச் சொன்னால் அது பொய். சென்னையில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த நாளில் வயிற்றைக் கிழிக்கும் சர்ஜன்களுக்குத்தான் மரியாதை. அவர்கள் நடந்தால் பின்னால் ஒரு கூட்டம் நடக்கும். எனக்கும் அந்தக் கூட்டத்தை முன்னால் நின்று நடத்த ஆசை. ஆனால் வயிற்றுக்கு ஏகப்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணுக்கு ஆள் இல்லை. இடம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் பெரிய தீர்மானங்களெல்லாம் இப்படி உட்கார இடம் கிடைத்ததால் ஏற்பட்டவையே.

படிப்பு முடிந்து திருவனந்தபுரத்துக்கு வந்து கண்ணாஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம். அப்பா சபையில் உபதேசியார். அதனால் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவு இருந்த நாள் உண்டு, நல்ல தமிழுக்குக் குறைவு இருந்ததில்லை. ஜெபத்தில் பேசுகிற தமிழ் ஒன்று, மாட்டை விரட்டுகிற தமிழ் ஒன்று என்று இரண்டும் எனக்கு வரும். எதை எங்கே பேசுவது என்பதில்தான் தகராறு.

கண்ணில் கத்தி வைக்கப் பழகுவது ஆட்டுக்கண்ணில். பாளையம் சந்தையில் கசாப்புக்கடைக்காரரிடம் போய் நிற்பேன். மலையாளத்தில் அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

“கண்ணு மாத்ரம் மதியோ சாறே? தலை வேண்டே?”

கண் மட்டும் போதும் என்பேன். தலை வாங்க வசதியில்லாதவன் என்று முடிவு கட்டி, ஒருநாள் ஒரு நாக்கை இனாமாகப் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தார். பின்னால் நடந்ததை நினைத்தால், எனக்கு அவசியமாக இருந்தது அதுதான்.

தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சை அடைத்து, அதில் ஆட்டுக்கண்ணைப் பதித்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அறுப்பேன். மெல்லிய கத்தியைக் கருவிழியின் ஓரத்தில் ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கம் வெளியே கொண்டுவந்து, மேல்நோக்கி அறுத்தால் பிறைநிலா மாதிரி ஒரு வாசல் திறக்க வேண்டும். முதலில் எனக்குத் திறந்தவை பிறையும் அல்ல, நிலாவும் அல்ல. சில மாதத்தில் கை படிந்தது. ஆடு நல்ல நோயாளி. இமைக்காது, தும்மாது, எங்கே பார்க்கவேண்டுமோ அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும். அதனிடம் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. அதுதான் அந்தப் படிப்பில் இருந்த குறை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பெரிய டாக்டர் மலையாளி. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தமாட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று இமையைத் தூக்கிப் பிடிப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது, வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்குவது ஆகிய மூன்று கலைகளில் தேர்ச்சி அடைந்திருந்தேன். மனிதக் கண்ணில் இன்னும் கை வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்திலிருந்து ஒரு தேஹண்டக்காரர் வந்தார். கல்யாணத்துக்குச் சமைக்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கோட்டைக்குள் அவர் சமைக்காத கல்யாணம் பாதிக் கல்யாணம் என்று பெயர். இடதுகண் ஏற்கனவே போய்விட்டது. ஊர் ஊராகச் சுற்றும் ஒருவன் ஊசியால் புரையைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டுப் போயிருந்தான். சில மாதம் பார்வை இருந்தது, அப்புறம் வலி வந்தது, அதோடு இருட்டு. இப்போது வலதுகண்ணிலும் புரை முற்றிவிட்டது.

அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தாள். அவர் பேசுவதற்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள்.

“கண்ணு தெரியலைன்னு இவர் ஒத்துக்கவே இல்லை, டாக்டர். நேந்திரங்காய் வறுவலைக் கரியாக்கி சம்பந்தியாத்துக்காரா இலையிலே போட்டப்பறம்தான் ஒத்துண்டார்.”

“அடுப்பு சரியில்லை” என்றார் அவர்.

“அடுப்புக்குத்தான் கண்ணாப்பரேஷனோ?”

உப்பேரி என்று அங்கே சொல்லும் அந்த வறுவல்தான் அவருடைய பெயர், கௌரவம் எல்லாம். எண்ணெயில் காய் எந்த நிறத்துக்கு வரும்போது அரித்தெடுக்க வேண்டும் என்பது கண்ணின் வேலை. அது போனால் தேஹண்டம் போயிற்று. தேஹண்டம் போனால் ஆலப்புழையில் மச்சினன் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். “அங்கே சாப்பாடு போடுவா. போடறச்சே முகத்தையும் பாப்பா” என்றார் அவர். இருக்கிற ஒரு கண்ணும் போனால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டாமே என்று நான் வேடிக்கையாக நினைத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் தானே செய்வதாக ஒப்புக்கொண்டார். பஞ்சாங்கத்தைப் பார்த்து அவர்கள் நாள் குறித்துக் கொடுத்தார்கள். எப்படிப் படுக்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் மலையாளத்தில் அவருக்குப் பாடம் நடத்தினார். “காலிலோட்டு நோக்கு” என்றால் இவர் விழியைக் கீழே இறக்குவார். அழகாக இறக்கினார். எல்லாம் சரியாக இருந்தது.

குறித்த நாளன்று காலையில் பெரிய டாக்டர் வலது கட்டைவிரலில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்து இறங்கினார். நகச்சுற்று. சீமையில் படித்த டாக்டர், பெரிய பட்டங்கள் வாங்கியவர், விரலில் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். நான் அந்தப் பழத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். “வீட்டிலெ நிர்பந்தம்” என்றார் அவர் சுருக்கமாக. வீட்டில் யாருடைய நிர்ப்பந்தம் என்று சீமைப் பட்டம் பெற்றவர்கள் சொல்வதில்லை.

ஆப்பரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். தேஹண்டக்காரர் சம்மதிக்கவில்லை. மேட மாசத்தில், அதாவது நம் சித்திரையில், ஒரு பெரிய கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாளில் செய்து கட்டு அவிழ்ப்பதற்குள் மேடம் பிறந்துவிடும்.

“டாக்டர் மாறினா மாறட்டும். நாள் மாறப்படாது” என்றார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

புதிய டாக்டர் யார், எத்தனை கண் செய்திருக்கிறார் என்று மாமி விசாரித்தாள். “ஆட்டுக்கண்ணு நிறைய” என்று சொல்வதா வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், “கை நல்ல கையாணு. ஞான் கூடெ உண்டு” என்று பெரிய டாக்டர் முடித்துவிட்டார்.

வடக்குச் சன்னலுக்கு நேராக மேஜை. மருந்துச் சொட்டு விட்டுக் கண்ணை மரக்கவைத்தோம். தலையின் இரு பக்கமும் மணல்பைகள். பெரிய டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். எலுமிச்சையின் வாசனை வந்துகொண்டிருந்தது.

முதல் பாதி நன்றாகவே நடந்தது. ஒரு கையில் இடுக்கியால் கண்ணைப் பிடித்துக் கீழே திருப்பி வைத்துக்கொண்டு, மறு கையால் கத்தியை நுழைத்து அறுத்தேன். பிறை திறந்தது. ஆட்டுக்கு நன்றி சொன்னேன். பிறகு உள்ளே புரையை மூடியிருக்கும் சவ்வைக் கீறினேன். இனி இடுக்கியை எடுத்துவிட வேண்டும். நோயாளி தானாகவே கண்ணைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, கீழிருந்து மெல்ல அழுத்தினால் மேலே திறந்த வாசல் வழியாகப் புரை நழுவி வெளியே வரும். அப்போது தையல் கிடையாது. கண் திறந்த பாத்திரம். அந்த நேரத்தில் அவர் பயந்தோ கோபித்தோ கண்ணை இறுக்கினால், புரையோடு கண்ணின் உள்ளே இருக்கும் பளிங்குக் குழம்பும் வெளியே வந்துவிடும். அதைத் திரும்ப உள்ளே போட எந்தச் சீமையிலும் வழி இல்லை.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

மல்லாந்து படுத்தவரிடம் ‘கீழே பாருங்கள்’ என்று சொல்லக்கூடாது. அவருக்குக் கீழே என்றால் தரை, தரை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் காலைப் பார்க்கச் சொல்வது. பெரிய டாக்டரின் மலையாளத்தை அப்படியே சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் எனக்குத் தமிழ் வருமே! தமிழ் பேசுகிற பெரியவர், வயதில் மூத்தவர், வேதியர். அவரிடம் ‘காலைப் பாரு’ என்று மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரி சொல்வதா? மரியாதையான சொல்லாகத் தேடினேன். உபதேசியார் வீட்டில் மரியாதையான சொல்லுக்கா பஞ்சம்?

“சாமி, பாதத்தைப் பாருங்கள்” என்றேன்.

விழி அசைந்தது. நிதானமாக, எந்தப் பதற்றமும் இல்லாமல், வலது பக்கமாக நகர்ந்து காதோரத்தில் போய் நின்றது.

“பாதத்தை, சாமி.”

இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் போயிற்று.

“பாதம், பாதம்” என்றேன். அதற்குமேல் போக இடமில்லாமல் விழி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நான் திறந்த வாசல் இமையின் மூலையில் பாதி மறைந்துவிட்டது. அந்த நிலையில் அழுத்தினால் கண் காலி. அழுத்தாமல் நின்றால் எந்த நிமிஷமும் அவர் இமையை இறுக்கலாம்.

“எந்து பற்றி?” என்றது முதுகுக்குப் பின்னால் இருந்த குரல். என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரிந்தால்தானே சொல்ல? அவருக்குக் காது கேட்கவில்லையோ, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று என்னென்னவோ தோன்றியது. குரலை உயர்த்த நினைத்தேன். உயர்த்தினால் இறுக்கிவிடுவார். அந்தப் பயத்தில் என் ஜெபத் தமிழ் எங்கேயோ ஓடிவிட்டது. வீட்டுப் பேச்சு வந்தது.

“சாமி, அசங்காம சொல்லுங்க. எங்க பாக்கிய?”

உதடு மட்டும் அசைய அவர் பதில் சொன்னார். “பாதத்தைத்தான். நீங்கதானே சொன்னேள்? நன்னாப் பாத்துண்டிருக்கேன்.”

“யாரு பாதம்?”

“யாரு பாதமா! பத்மநாபன் பாதம். மூணாம் நடை.”

எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. என் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. அப்புறம் பெரிய டாக்டரின் மூச்சு, சிரிப்பை அடக்குகிற மூச்சு, கேட்டது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. பெருமாள் நீளமாகப் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே வாசலில் முழுதும் தெரியமாட்டார். மூன்று வாசல்கள். வாசலை இங்கே நடை என்கிறார்கள். இடதுகைப் பக்கத்து நடையில் திருமுகம், நடுவில் நாபிக்கமலம், வலதுகைப் பக்கத்து நடையில் பாதம். பிறந்தது முதல் தினமும் காலையில் போய் நின்ற மனிதருக்குப் பாதம் என்றால் வலதுபக்கம். கீழே இல்லவே இல்லை. நான் வளர்ந்த வீட்டிலும் பாதம் என்ற சொல் தினமும் காலையும் மாலையும் வரும். ஆனால் அங்கே பாதம் என்றதும் தலை தானாகக் குனியும். ஒரே சொல்தான். அவருடைய கண்ணை ஒரு பக்கமும் என்னுடையதை ஒரு பக்கமும் திருப்புகிறது.

இதையெல்லாம் இப்போது விஸ்தாரமாக எழுதுகிறேன். அப்போது எனக்குப் புரிந்தது, இவர் மனசுக்குள் கோயிலில் நிற்கிறார் என்பது மட்டுமே. நான் அந்தக் கோயிலுக்குள் போனவன் அல்ல, போகவும் முடியாதவன். வழி கேட்டுத்தான் நடக்கவேண்டும்.

“மூணாம் நடை இருக்கட்டும் சாமி. நடுவில என்ன இருக்கு?”

“நடு நடையா? நாபி. தாமரை.”

“அதைப் பாருங்க.”

விழி மெல்ல நடுவுக்கு வந்தது. என் உயிரும் கூடவே வந்தது.

“அதுக்குக் கீழ?”

“கீழேன்னா... நாம நிக்கற எடந்தான். ஒத்தைக்கல் மண்டபம். ஒரே கல்லு.”

“அந்தக் கல்லைப் பாருங்க.”

விழி இறங்கவில்லை. தயங்கியது.

“அங்கே விழுந்து நமஸ்காரம் பண்ணப்படாது, டாக்டர். அது மகாராஜாவுக்கு மாத்திரம்.”

“நமஸ்காரம் வேண்டாம் சாமி. பாத்தா போதும்.”

“பாக்கறதுக்கு ஒண்ணும் தடையில்லை” என்று யோசித்துச் சொல்லிவிட்டு, கண்ணைக் கீழே இறக்கினார்.

இறக்கிய கண் அப்படியே நின்றது. அந்தக் கல்லில் என்ன கண்டாரோ, ஆட்டுக்கண்கூட அவ்வளவு அசையாமல் எனக்கு நின்றதில்லை. கீழிருந்து மெல்ல அழுத்தினேன். வாசல் சற்றே வாயைத் திறந்தது. ஊறவைத்த பருப்பு மாதிரி, ஆனால் நல்ல தவிட்டு நிறத்தில், புரை நழுவி வெளியே வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. குழம்பு உள்ளேயே இருந்தது. இமையை மூடி, பஞ்சு வைத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினேன்.

வெளியே வந்ததும் பெரிய டாக்டர் எலுமிச்சைக் கையை உயர்த்தி, “‘உங்க கால்’ எந்நு பறஞ்ஞா மதியாயிருந்நு” என்றார். உங்கள் கால் என்று சொல்லியிருந்தாலே போதுமாம். எனக்கும் அது தோன்றியது. மாடிப்படி இறங்குகையில்.

இனி கட்டு அவிழ்க்கும்வரை அவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது. கண் தெரியாமல் கிடப்பதைப் பொறுத்துக்கொண்டார். குளிக்கக்கூடாது என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியால் புகட்டிக்கொண்டே என்னை விசாரிப்பாள்.

“டாக்டருக்கு எந்த ஊரு?”

“நாகர்கோவில் பக்கம், மாமி.”

“கோயிலுக்கெல்லாம் போறதுண்டோ?”

“ஞாயித்துக்கிழமை தவறாம போவேன்.”

கரண்டி பாதி வழியில் நின்றது. கட்டுக்குள்ளிருந்து அவர்தான் முதலில் சிரித்தார். “அதான் மூணாம் நடை மனசிலாகலை!”

“நீங்க ஆடாம கெடங்கோ” என்று அவரை அதட்டிவிட்டு, “ஒத்தைக்கல்லை யாரு சொல்லிக் குடுத்தா?” என்று மாமி என்னைக் கேட்டாள்.

“சாமிதான்.”

“அப்போ தன் ஆப்பரேஷனைத் தானே பண்ணிண்டார்னு சொல்லுங்கோ. இனிமே இவரைக் கையிலே பிடிக்க முடியாது.”

கட்டு அவிழ்த்த அன்று அறையின் சன்னலைப் பாதி மூடி வைத்தேன். விரலைக் காட்டினேன். அவர் சரியாக எண்ணினார். கையைத் தள்ளிப் பிடித்தேன், அதையும் எண்ணினார். மாமி குனிந்து தன் முகத்தைக் காட்டினாள்.

“உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?”

“நீங்க பாக்காத சமயமாப் பாத்து நரைச்சுண்டேன்.”

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். தடிமனான கண்ணாடி ஒன்றைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். என்னுடையதைவிடத் தடிமன் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். ஆனால் போகும்போது அவர் முகம் சரியாக இல்லை. “எல்லாம் ஒரு நீலமா இருக்கு டாக்டர். சுவர் நீலம், வேஷ்டி நீலம், இவ தலை வெள்ளை இல்லை, நீலம்.”

புரை என்பது உள்ளே ஒரு மஞ்சள் கண்ணாடி. வருஷக்கணக்காக அதன் வழியாகவே பார்த்தவருக்கு, அதை எடுத்ததும் உலகம் நீலம் பூத்துவிடும். நாளாவட்டத்தில் சரியாகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எத்தனை நாள் என்று போடவில்லை. புத்தகம் எழுதினவருக்கு மேட மாசத்தில் கல்யாணம் இல்லை.

சில நாள் கழித்து மருந்து வாங்க மாமி மட்டும் வந்தாள்.

“நேத்திக்கு ஒரு சீப்பு காய் வாங்கிண்டு வந்து வறுத்துப் பாத்தார்.”

“எப்படி?”

“கரி. பழைய நிறம் வரட்டும், வரட்டும்னு காத்துண்டே இருந்தார். அது வரவே இல்லை. அடுப்பை அணைச்சுட்டுப் போய்ப் படுத்துண்டுட்டார். கண்ணு தெரியாதபோதுகூட இப்படிப் படுத்துக்கலை.”

கைவேலை என்றால் நான் ஏதாவது செய்வேன். நிறத்தை எந்த இடுக்கியால் பிடிப்பது? “தினமும் கொஞ்சம் வறுக்கச் சொல்லுங்க மாமி. கண்ணு பழகிடும்” என்றேன். எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான். தைரியமாகச் சொல்வதற்கு மட்டும் இதற்குள் பழகியிருந்தேன்.

“தினமுமா! சாலைக் கடைக்காரன் எங்களைப் பாத்தாலே எண்ணெய்த் தகரத்தை எடுத்து வெச்சுடறான்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பிறகு அவர்கள் வரவில்லை. மேடம் பிறந்தது. கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்களா, இவர் ஆலப்புழைக்குப் போய்விட்டாரா என்று கேட்டுவரக் கோட்டைப் பக்கம் இரண்டு தடவை நடந்துபோனேன். இரண்டு தடவையும் கேட்காமல் திரும்பினேன். அக்கிரகாரத் தெருவில் நான் போய் நின்று என்னவென்று விசாரிப்பது? தவிர, பதில் என்னவாக இருக்கும் என்ற பயமும் இருந்தது.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஆள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தான். கோட்டைக்குள் கல்யாண வீட்டிலிருந்து வருகிறதாம், நாகர்கோவில் டாக்டருக்குக் கொடுக்கச் சொன்னார்களாம். பந்தியில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. அது தேஹண்டக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொட்டலம் பந்தியை விட்டு நடந்து வந்திருந்தது.

வடக்குச் சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். உப்பேரி. ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெரிய டாக்டரும் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றுகூடக் கரியவில்லை, ஒன்றுகூட வெளுக்கவில்லை. எல்லாம் ஒரே பொன்னிறம்.

வாயில் போட்டேன். உப்பு ஒரு கல் தூக்கல். அது என் இலாகா அல்ல.